கிளிக் வருகிறது, கஸ்டமர் வரவில்லை: சிறிய பிபிசி நெட்வொர்க் டிராஃபிக்கை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கூகுளில் ஒரு கிளிக்குக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாமல் சிறிய பிபிசி (PPC, கிளிக்குக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் விளம்பரம்) நெட்வொர்க் பக்கம் போகிறவர்கள் பெங்களூரில் நிறையப் பேர். அல்சூரில் ஆர்ஓ வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸ் செய்பவர், மாரத்தஹள்ளியில் பிஜி நடத்துபவர், வைட்ஃபீல்டில் டியூஷன் சென்டர் வைத்திருப்பவர் என்று யாராக இருந்தாலும், மாதம் ஐந்தாயிரமோ பத்தாயிரமோதான் விளம்பரத்துக்கு ஒதுக்க முடியும். அந்தப் பணம் பாட்களுக்கு (மனிதர் போலக் கிளிக் செய்யும் புரோகிராம்களுக்கு) போய்விடக் கூடாது. அதற்குப் பயந்து உருப்படியாக வரும் டிராஃபிக்கையும் சேர்த்து நிறுத்திவிடக் கூடாது. இரண்டு தவறும் தினமும் நடக்கிறது.

"இந்த நெட்வொர்க் நல்லதா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. சிறிய நெட்வொர்க்கின் உள்ளே என்னென்னவோ கலந்திருக்கும்: யாரும் பெயர் கேள்விப்படாத தேடல் தளங்கள், வெறுமனே பார்க் செய்து வைத்திருக்கும் டொமைன்கள், மொபைல் ஆப்கள், பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள், இன்னொரு நெட்வொர்க்கிடம் வாங்கி மறுபடி விற்கும் டிராஃபிக். எல்லாம் ஒரே பெயரில் நம்மிடம் வருகிறது. எந்த பப்ளிஷர் (நம் விளம்பரத்தைக் காட்டும் தளமோ ஆப்போ வைத்திருப்பவர்) நல்லவர், எந்த பப்ளிஷரை வெட்ட வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு சோதனையும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விளம்பர லிங்க்கின் வாலில் யுடிஎம் (ஆள் எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் குறிப்பு) சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன் மூன்றும் இருக்கட்டும். அவற்றோடு பப்ளிஷரை அடையாளம் காட்டும் சப் ஐடியும் கட்டாயம். பப்ளிஷர் ஐடி, சோர்ஸ் ஐடி, ஸோன் ஐடி என்று நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் பெயர் மாறும். லிங்க்கில் அதற்கான மேக்ரோவை (நெட்வொர்க் தானாக எண்ணை நிரப்பும் இடக்குறியை) போட்டுவிட்டால், ஒவ்வொரு கிளிக்கும் எந்த பப்ளிஷரிடமிருந்து வந்தது என்ற எண்ணோடு வரும். கிளிக் ஐடி மேக்ரோவும் தருகிறார்கள் என்றால் அதையும் சேருங்கள். சப் ஐடியே தர மாட்டோம் என்று சொல்லும் நெட்வொர்க்கில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம் என்பது என் கருத்து. எதை வெட்டுவது என்று தெரியாத இடத்தில் திருத்த எதுவுமே இல்லை.

அடுத்தது சர்வர் லாக், அதாவது தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் வரி வரியாக எழுதி வைக்கும் பதிவு. ஷேர்டு ஹோஸ்டிங் என்றாலும் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்தில் 'ரா ஆக்சஸ்' என்ற இடத்தில் இதை எடுக்கலாம். பல இடங்களில் பழைய லாக் தானாக அழிந்துவிடும். சேமித்து வைக்கும் டிக்கை முதல் நாளே போட்டுவிடுங்கள். தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃப்ளேர் (வருபவருக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்கும் சேவை) இருந்தால், லாகில் பதிவாவது கிளவுட்ஃப்ளேரின் ஐபியாகத்தான் இருக்கும். வருபவரின் உண்மையான ஐபி அதற்கென்று உள்ள தனி ஹெடரில் வருகிறது. அதைப் பதிவு செய்யும்படி ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கீழே வரும் ஐபி சோதனை எதுவும் பலிக்காது.

அறிகுறி: நெட்வொர்க் காட்டும் கிளிக் அதிகம், அனலிட்டிக்ஸ் (தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கருவி) காட்டும் செஷன் (வருகை) குறைவு

அதிகம் வரும் புகார் இதுதான். எடுத்த எடுப்பிலேயே மோசடி என்று முடிவு கட்டுவதும் இதில்தான் அதிகம். வரிசையாகப் பாருங்கள்.

முதலில் கடிகாரம். நெட்வொர்க்கின் ரிபோர்ட் அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். இங்கே நள்ளிரவு 12 மணி ஆகும்போது அங்கே கோடையில் முந்தைய நாள் காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. நம் செவ்வாய்க்கிழமை அவர்களுடைய திங்கள், செவ்வாய் இரண்டிலும் பிரிந்து கிடக்கும். ஒரு நாள் கணக்கை ஒப்பிட்டால் இடிக்கத்தான் செய்யும். ஒரு வாரத்தை மொத்தமாக எடுத்து ஒப்பிடுங்கள்.

அப்புறம் லிங்க். அதை மொபைலில், வைஃபையை அணைத்துவிட்டு, நீங்களே திறந்து பாருங்கள். பக்கம் வந்து நின்றதும் முகவரிப் பட்டியில் யுடிஎம் வால் அப்படியே இருக்கிறதா? டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத முகவரியிலிருந்து இருக்கும் முகவரிக்கோ, எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கோ ரீடைரக்ட் ஆகும்போது சில தளங்களில் அந்த வால் அறுந்துவிடும். லிங்க்கில் ஏற்கெனவே ஒரு கேள்விக்குறி இருக்க, யுடிஎம்முக்காக இரண்டாவதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாலும் இதே கதிதான். இரண்டாவது இடத்தில் வர வேண்டியது ஆம்பர்சேண்ட் குறி. வால் அறுந்த கிளிக்கெல்லாம் 'டைரக்ட்' கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நெட்வொர்க் அனுப்பிய ஆளை அனலிட்டிக்ஸ் யாரோ தானாக வந்தவர் என்று எழுதி வைத்திருக்கும்.

ஜிஏ4-இல் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) தேடுகிற இடமும் தவறாக இருக்கலாம். மீடியம் 'சிபிசி' என்று இருந்தாலும், சோர்ஸ் பெயர் கூகுள் வைத்திருக்கும் தேடல் தளப் பட்டியலில் இல்லை என்றால் அது 'பெய்டு சர்ச்' சேனலில் வராது. சிறிய நெட்வொர்க் பெரும்பாலும் 'பெய்டு அதர்' என்ற பெயரில்தான் கிடைக்கும். சேனலை விட்டுவிட்டு, செஷன் சோர்ஸ், மீடியம் பார்த்துத் தேடுவது நல்லது. பெரிய எழுத்தில் ஒரு முறையும் சின்ன எழுத்தில் ஒரு முறையும் யுடிஎம் போட்டிருந்தால் அது இரண்டு தனி வரியாகக் கிடக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இடைவெளி குறையவில்லையா? இப்போது சர்வர் லாகைத் திறந்து பாருங்கள். உண்மை இங்கேதான் தெரியும். ஒரு மனிதர் பக்கத்தைத் திறந்தால் லாகில் ஒரு வரியோடு நிற்காது. முதலில் பக்கம், அதே நொடியில் அல்லது அடுத்த நொடியில் ஸ்டைல் ஷீட், லோகோ, ஃபான்ட், ப்யூரிஃபையர் படங்கள் என்று அதே ஐபியிலிருந்து பத்துப் பதினைந்து வரி வரிசையாக விழும். அரை நிமிடம் ஒன்றும் இருக்காது. பிறகு விலைப் பட்டியல் பக்கம் ஒரு வரி. அவர் படித்திருக்கிறார், யோசித்திருக்கிறார், விலை என்ன என்று தட்டியிருக்கிறார். சாதாரண பாட் வந்தால் பக்கத்துக்கான ஒரே வரிதான். படம் கேட்காது, ஃபான்ட் கேட்காது. ஸ்கிரிப்டையும் ஓட்டாது என்பதால் அனலிட்டிக்ஸில் அது வந்ததாகவே பதிவாகாது. நெட்வொர்க் மட்டும் அதை ஒரு கிளிக் என்று எண்ணியிருக்கும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. பக்கத்துக்கு ஒரு வரி, படங்களுக்கு இரண்டு மூன்று வரி, அப்படியே நின்றுவிட்டது. இவர் மனிதராகத்தான் இருப்பார். பக்கம் வர நேரமானதால் பின்வாங்கிப் போயிருப்பார். அவுட்டர் ரிங் ரோடு சிக்னலில் நின்றபடி மொபைலில் திறப்பவருக்கு 6 எம்பி படம் உள்ள பக்கத்தை அனுப்பினால் இதுதான் நடக்கும். குறை நம் பக்கத்தில். படங்களைச் சுருக்குங்கள், நெட்வொர்க்கைத் திட்ட வேண்டாம்.

கிளிக்குக்கும் செஷனுக்கும் ஓரளவு இடைவெளி எப்போதும் இருக்கும், ஆட்பிளாக்கர் ஒன்றே போதும் அதற்கு. இடைவெளி எல்லா சப் ஐடியிலும் ஒரே அளவில் இருந்தால் காரணம் நம்மிடம். ஒன்றிரண்டு சப் ஐடியில் மட்டும் பாதிக்கு மேல் காணாமல் போனால் காரணம் அந்த பப்ளிஷரிடம். இந்த ஒரு ஒப்பீட்டுக்காகவே சப் ஐடி வேண்டும் என்கிறேன்.

அறிகுறி: ஒரே ஐபியிலிருந்து திரும்பத் திரும்ப கிளிக்

உடனே பிளாக் செய்யாதீர்கள். இந்தியாவில் மொபைல் கம்பெனிகள் ஒரே பொது ஐபிவி4 முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. பெரிய அபார்ட்மென்ட், டெக் பார்க் அலுவலகம், பிஜி வைஃபை எல்லாம் இப்படித்தான், வெளியே ஒரு ஐபி, உள்ளே நூறு பேர். பெல்லந்தூரில் ஒரு அபார்ட்மென்டில் போர் தண்ணீர் உப்பாகிப் போனால் அதே ஐபியிலிருந்து நாலு பேர் ஆர்ஓ தேடுவது இயல்பு. ஐபியை வைத்து ஊர் கண்டுபிடிப்பதிலும் இதே சிக்கல். மொபைல் இணைப்பில் பெங்களூர்க்காரர் சென்னையிலோ மும்பையிலோ இருப்பதாகக் காட்டுவது சகஜம்.

ஐபி யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். ஹூஈஸ் தேடலிலோ ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸிலோ ஜியோ, ஏர்டெல், ஆக்ட் என்று வந்தால் அது வீடோ போனோ. அமேசான் கிளவுட், கூகுள் கிளவுட் அல்லது ஏதோ ஒரு ஹோஸ்டிங் கம்பெனி என்று வந்தால் அது டேட்டா சென்டர். அமேசானும் கூகுளும் தங்கள் கிளவுட் ஐபி வரிசைகளை வெளிப்படையாகவே வெளியிடுகின்றன, ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. டேட்டா சென்டரில் உட்கார்ந்து யாரும் ப்யூரிஃபையர் சர்வீஸ் தேடுவதில்லை. ஆபீஸ் விபிஎன் வழியாக வரும் ஒன்றிரண்டு பேரை விட்டுவிடலாம். ஒரு சப் ஐடியின் கிளிக்கில் பெரும்பகுதி டேட்டா சென்டரிலிருந்து வந்தால் அந்த சப் ஐடியை அன்றே வெட்டுங்கள்.

அறிகுறி: எல்லாரும் ஒரே போன் வைத்திருப்பது போலத் தெரிகிறது

லாகில் யூசர் ஏஜென்ட் (பிரவுசரும் போனும் தங்களைப் பற்றிச் சொல்லும் விவரம்) வரிசையில் 'ஆண்ட்ராய்டு 10, கே' என்று வரிக்கு வரி இருப்பதைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். 2023-இல் குரோம் 110-லிருந்து ஆண்ட்ராய்டில் போன் மாடலையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் மறைத்து எல்லாருக்கும் இதே பொதுப் பெயரைத் தர ஆரம்பித்தார்கள். ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற விவரம்) வரிசையில் முழு முகவரி இல்லாமல் டொமைன் பெயர் மட்டும் வருவதும் 2020-லிருந்தே குரோமின் வழக்கம். சந்தேகப்பட வேண்டியது வேறு: இந்திய மொபைல் டிராஃபிக் என்று விற்றுவிட்டு லினக்ஸ் டெஸ்க்டாப் வரிசையாக வந்தால், மிகப் பழைய குரோம் பதிப்பு ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால், 'ஹெட்லெஸ் குரோம்' (திரையே இல்லாமல் புரோகிராம் ஓட்டும் குரோம்) என்றே எழுதியிருந்தால்.

அறிகுறி: நன்றாக நேரம் செலவழிக்கிறார்கள், ஒருவர்கூடக் கூப்பிடவில்லை

ஜிஏ4 ஒரு செஷனை 'என்கேஜ்டு' என்று சொல்ல 10 நொடிக்கு மேல் நீடித்தால் போதும். இரண்டு பக்கம் பார்த்தாலோ ஒரு கீ ஈவென்ட் (நாம் முக்கியம் என்று குறித்து வைத்த செயல்) நடந்தாலோகூடச் சேர்த்துக்கொள்ளும். அந்த விழுக்காட்டைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம்.

கிளிக் செய்து பக்கத்தைத் திறந்து வைத்தால் காசு தரும் தளங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வருபவர் நிஜ மனிதர், நிஜ போன், நிஜ ஐபி. எந்த வடிகட்டியிலும் சிக்க மாட்டார். அவரைக் காட்டிக்கொடுப்பது நேரம்தான். சப் ஐடி வாரியாக செஷன் நேரத்தை எடுத்து வரிசைப்படுத்துங்கள். இயல்பான கூட்டத்தில் நேரம் சிதறிக் கிடக்கும்: 4 நொடி, 11 நொடி, 2 நிமிடம், 37 நொடி. காசுக்கு வந்த கூட்டத்தில் 30, 31, 30, 32 என்று ஒரே இடத்தில் குவிந்திருக்கும். டைமர் முடிந்ததும் மூடிவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்று, பக்கம் பின்னால் வேறொரு பிரவுசர் டேப்பில் தானாகத் திறப்பது. ஆள் அதைப் பார்க்கவே இல்லை. பக்கம் கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருக்கிறதா, மறைந்திருக்கிறதா என்று பிரவுசரே ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் வசதி இருக்கிறது. பக்கம் திறந்தபோது மறைந்திருந்தால் ஒரு ஈவென்ட் அனுப்பும்படி டெவலப்பரிடம் கேளுங்கள், நாலு வரி வேலை. கூடவே, பக்கம் வேறு தளத்தின் ஐஃப்ரேமுக்குள் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டத்துக்குள்) திறந்ததா, ஜன்னலின் அகலம் என்ன என்பதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு பிக்சல் அகல ஜன்னலில் யாரும் விலைப் பட்டியல் படிப்பதில்லை.

அறிகுறி: ஃபார்ம் நிறைய வருகிறது, போனை எடுப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை

இதுதான் சின்னக் கடைக்காரரை அதிகம் வாட்டுகிறது. கிளிக்குக்குப் போன காசு ஒரு பக்கம், ஆள் வைத்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்ட நேரம் இன்னொரு பக்கம். "தம்பி, காலையிலிருந்து கூப்பிடுறேன், எல்லாரும் யாவ ஃபார்ம் (கன்னடத்தில் 'எந்த ஃபார்ம்') சார்னு கேக்கறாங்க" என்று அல்சூர் ஆர்ஓ கடை அண்ணன் ஒரு நாள் போனில் சொன்னார். "அண்ணே, கூப்பிடறதை நிறுத்துங்க, ஷீட்டை அனுப்புங்க" என்றேன்.

அந்த ஷீட்டை நிதானமாகப் பார்த்தால் போதும், வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை. பெயர்கள் சரியாகத்தான் இருந்தன, நம்பர்களும் பத்து இலக்கம், 6 முதல் 9-க்குள் தொடங்குபவை. ஆனால் ஏரியா என்ற இடத்தில் வரிக்கு வரி ஆடுகோடி. ஃபார்மின் பட்டியலில் அகர வரிசைப்படி முதலில் இருந்தது அது. எதையும் தேர்வு செய்யாமல் முதல் பெயரோடு அனுப்பியிருக்கிறார்கள். குறிப்பு எழுதும் கட்டம் எல்லாவற்றிலும் காலி. உண்மையான கஸ்டமர் அங்கே ஏதாவது எழுதுவார்: 'மோட்டார் சத்தம் வருது', 'ஞாயிற்றுக்கிழமை வாங்க', 'கென்ட் சர்வீஸ் பண்ணுவீங்களா'. அடுத்த நாளே ஏரியா கட்டத்தில் முதல் வரியாக 'தேர்வு செய்யவும்' என்று போட்டு, தேர்வு செய்யாமல் அனுப்ப முடியாதபடி மாற்றினோம்.

ஃபார்முக்கு இன்னும் சில காவல்கள் வேண்டும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வையுங்கள். அதை நிரப்பி அனுப்புவது பாட்தான். பக்கம் திறந்ததற்கும் ஃபார்ம் அனுப்பியதற்கும் இடையிலான நேரத்தை ஃபார்மோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பெயர், நம்பர், ஏரியா மூன்றையும் 3 நொடியில் யாராலும் தட்ட முடியாது. சப் ஐடியை மறைந்த கட்டமாக ஃபார்மிலேயே வைத்துவிட்டால் ஷீட்டில் ஒவ்வொரு லீடுக்கு (ஃபார்ம் மூலம் வந்த விசாரிப்புக்கு) பக்கத்திலும் அது வந்து நிற்கும். ஓடிபி வைப்பது வலுவான காவல். ஆனால் அது நல்ல கஸ்டமரில் சிலரையும் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், மற்றதெல்லாம் செய்தும் அடங்காவிட்டால் மட்டும் வையுங்கள்.

கடையில் ஒரே ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்: லீடைக் கூப்பிட்டவர் ஷீட்டில் 'பேசினார்', 'எடுக்கவில்லை', 'ஃபார்ம் போடவில்லை என்கிறார்' என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். வாரக் கடைசியில் சப் ஐடி வாரியாக எண்ணினால், மூன்றாவது பதில் எங்கே குவிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: கன்வர்ஷன் (கிளிக் செய்தவர் நம்மைத் தொடர்புகொள்வது) பூஜ்யம், ஆனால் கடை போன் அடிக்கிறது

பெங்களூரில் பாதிப் பேர் ஃபார்மைத் தொடவே மாட்டார்கள். வாட்ஸ்அப் பட்டனைத் தட்டுவார்கள், இல்லாவிட்டால் நம்பரைத் தட்டிப் பேசிவிடுவார்கள். இரண்டையும் தனித்தனி ஈவென்டாக அளக்காவிட்டால் நல்ல பப்ளிஷரையும் வெட்டிவிடுவீர்கள். வாட்ஸ்அப் லிங்க்கில் முன்கூட்டியே எழுதிய செய்தி வைக்கலாம். அதன் கடைசியில் சப் ஐடிக்கு ஒரு சின்னக் குறியீடு சேர்த்துவிட்டால், கஸ்டமர் அனுப்பும் முதல் செய்தியிலேயே அவர் எங்கிருந்து வந்தார் என்பது வந்துவிடும்.

அறிகுறி: உண்மையிலேயே ஒன்றும் வரவில்லை. எப்போது நிறுத்துவது?

ஐம்பது கிளிக் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள் அதிகம். கணக்கு என்ன சொல்கிறது பாருங்கள். உங்கள் பக்கத்தில் வழக்கமாக நூறு பேரில் 2 பேர் கூப்பிடுகிறார்கள் என்றால், நல்ல டிராஃபிக்கிலேயே 50 கிளிக்கில் ஒருவர்கூடக் கூப்பிடாமல் போக சுமார் 36 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 100 கிளிக்கில் 13 விழுக்காடு. 150 கிளிக் தாண்டியும் பூஜ்யம் என்றால்தான் அது 5 விழுக்காட்டுக்குக் கீழே போகிறது. எளிய வழி, 3-ஐ வழக்கமான விகிதத்தால் வகுப்பது. நூற்றுக்கு 2 என்றால் 150 கிளிக், நூற்றுக்கு 1 என்றால் 300 கிளிக்.

ஒவ்வொரு சப் ஐடிக்கும் 150 கிளிக் வாங்கச் சின்ன பட்ஜெட்டுக்குக் கட்டாது. அதனால் கன்வர்ஷனுக்கு முந்தைய படிகளைப் பாருங்கள்: பக்கத்தின் பாதி வரை உருட்டியவர்கள், இரண்டாவது பக்கம் போனவர்கள், விலையைத் தட்டியவர்கள். இவை அடிக்கடி நடப்பவை என்பதால் 30, 40 கிளிக்கிலேயே வித்தியாசம் தெரியும். 40 கிளிக்கில் ஒருவர்கூட உருட்டவில்லை என்றால் 150 வரை காத்திருக்கத் தேவையில்லை.

அறிகுறி: நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது

கீவேர்டைப் பாருங்கள். உங்கள் கடைப் பெயரையே தேடியவர்களை அந்த பப்ளிஷர் வழிமறித்து உங்களிடமே விற்கிறார் என்றால், அவர்கள் எப்படியும் வந்திருப்பார்கள். கடைப் பெயரை நெகட்டிவ் கீவேர்டாக (தேடினாலும் விளம்பரம் காட்ட வேண்டாத சொல்லாக) போடுங்கள். 'நன்றி' பக்கத்தை ரீலோட் செய்யும்போதெல்லாம் கன்வர்ஷன் ஒன்று கூடுகிறதா என்பதையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

அறிகுறி: நன்றாக ஓடியது, பட்ஜெட்டை ஏற்றியதும் கெட்டது

நல்ல பப்ளிஷர்களிடம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஆள் வரும். பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால் மிச்சத்தை நிரப்ப நெட்வொர்க் வேறு இடங்களைத் திறந்துவிடும். ஏற்றிய நாளுக்கு முன்னும் பின்னும் சப் ஐடி பட்டியலை ஒப்பிடுங்கள், புதிதாக வந்தவை கண்ணில் படும். தேறிய சப் ஐடிகளை மட்டும் தனி கேம்பெய்னில் வைத்து அதற்கு விலையை ஏற்றுங்கள். புதியவை எல்லாம் குறைந்த விலையில், தினசரி வரம்போடு, சோதனைக் கேம்பெய்னில் ஓடட்டும்.

பணத்தைத் திரும்பக் கேட்பது

தயங்காமல் கேளுங்கள். கூகுளே 2006-இல் கிளிக் மோசடி வழக்கு ஒன்றில் 9 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. செல்லாத கிளிக்குக்கு விளம்பரதாரர் காசு தர வேண்டியதில்லை என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் ஏற்றுக்கொண்டது. ஆனால் 'உங்கள் டிராஃபிக் மோசம்' என்று எழுதினால் ஒரு மன்னிப்பு மெயில் மட்டும் வரும். சப் ஐடி, தேதி, நேர மண்டலத்தோடு நேரம், கிளிக் ஐடி, ஐபி, அந்த ஐபி யாருடையது என்ற ஆறு நெடுவரிசை கொண்ட ஷீட்டை இணையுங்கள். ஒரு மெயிலில் ஒரு சப் ஐடி மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் அவர்கள் பலவீனமான ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவார்கள். எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், சேரும்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பணமாக வராது, கணக்கில் வரவாகத்தான் வைப்பார்கள். அந்த வரவை எடுப்பதற்கு முன் வெட்டிய சப் ஐடிகள் பிளாக் பட்டியலில் இருக்கின்றனவா என்று டேஷ்போர்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள், கேம்பெய்னை நகலெடுத்துப் புதிதாகத் தொடங்கும்போது அந்தப் பட்டியல் கூடவே வராமல் போவதுண்டு.